எக்ஸ்பைரி நாளில் ஏறுகிற சந்தையை நம்பலாமா?

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் டீக்கடைகளில் நெல்லின் ஈரப்பதத்தோடு சேர்த்து இப்போது 'கால் வாங்கலாமா, புட் வாங்கலாமா' என்ற பேச்சும் அடிபடுகிறது. பங்குச் சந்தையில் விலை ஏறும் என்று பந்தயம் கட்டி வாங்குவது கால், இறங்கும் என்று வாங்குவது புட்; இரண்டுக்கும் பொதுப் பெயர் ஆப்ஷன்ஸ். குறுவை நெல் போட்ட பணம் கணக்கில் ஏறிய கையோடு ஆப்ஷன்ஸில் இறங்குகிறார்கள். நகையை அடகு வைத்து இறங்குபவர்களும் உண்டு. இவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது, சந்தை ஏறினால் அதற்கு நியாயமான காரணம் இருக்கும் என்று நம்பிவிடுவது.

ஆப்ஷனின் விலை, அதற்கு அடியில் இருக்கும் பங்கையோ, பல பங்குகளின் விலையைச் சேர்த்துச் சொல்லும் குறியீட்டையோ பொறுத்தது. அடியில் லேசாகத் தள்ளினாலே மேலே ஆப்ஷன் பல மடங்கு ஆடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துப் பருத்தி ஏலத்தில் ஒரு வியாபாரி பத்து மூட்டையை வேண்டுமென்றே கூடுதல் விலைக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பத்து மூட்டையில் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அன்றைய ஏல விலையை வைத்து வெளியே பெரிய பந்தயம் கட்டியிருந்தால்?

ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லும் குற்றச்சாட்டு ஏறக்குறைய இதுதான். 2024 ஜனவரி 17, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டிக்கு எக்ஸ்பைரி நாள், அதாவது அதன் ஆப்ஷன்ஸ் கெடு முடியும் நாள். காலையில் வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குறியீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். அதே நேரம் விலை ஏறிய கால்களை விற்று, மலிந்த புட்களை வாங்கினார்கள். மதியத்துக்கு மேல் பங்குகளை விற்றுத் தள்ளிக் குறியீட்டை இறக்கினார்கள் என்கிறது செபி. பங்குகளிலும் ஃபியூச்சர்ஸிலும் நஷ்டம் 61.6 கோடி. ஆப்ஷன்ஸில் லாபம் சுமார் 735 கோடி. 'நஷ்டப்படவா ஒருத்தன் வாங்குவான்?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும். 2025 ஜூலையில் செபி 4,843 கோடியை முடக்கி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது.

சரி, பெரிய கை வருகிறது, நாமும் பின்னாலேயே போவோம் என்றால் அது அடுத்த தவறு. அவர்கள் வாங்குவது நம் திரையில் தெரியும். எந்தப் பக்கம் பந்தயம் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியாது. அன்று காலை கால் வாங்கியவர்களுக்கு, எதிரில் விற்றது யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

டெலிகிராம் டிப்ஸ் இன்னும் மோசம். அதிகம் கைமாறாத ஒரு பங்கின் ஆப்ஷனைச் சொல்வார்கள். வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் பட்டியலான ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள்: வாங்க ஆள் 4 ரூபாயில், விற்க ஆள் 9 ரூபாயில் நின்றால், கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டவருக்கு 9 ரூபாய்க்குக் கிடைக்கும், அந்த நிமிடமே விற்றால் 4 ரூபாய்தான். அந்த 9 ரூபாய்க்கு விற்பவரே டிப்ஸ் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

பிரீமியம், அதாவது ஆப்ஷன் வாங்கக் கொடுக்கும் விலை, இரண்டு ரூபாய்தானே என்ற நினைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் சுமார் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியின் ஆய்வே சொல்கிறது.

அப்புறம், பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கை வாடகைக்குக் கொடுப்பது. 'கணக்கு உன்னுது, பணம் என்னுது, மாசம் ஒரு தொகை தர்றேன்' என்று உறவுக்காரரே கேட்பார். அந்தக் கணக்கில் செயற்கையாக விலையை ஆட்டினால், செபியின் 2003ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிகளின்படி நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் முதலில் வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்; மெயிலுக்கு வந்திருக்கும் காண்ட்ராக்ட் நோட்டுகளைத் திறந்து, உங்கள் பெயரில் என்னென்ன வாங்கி விற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள்.