இரும்பில் அடித்த பெயின்ட் காயாமல் ஒட்டுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பெயின்ட் அடிக்கும் எண்ணம் திருவிழாவும் கிறிஸ்துமஸும் நெருங்கும்போதுதான் வருகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் நிறைவடைகிறது. அதற்கு முந்தைய வாரங்களோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்கள். அந்த அவசரத்தில் அடித்த எனாமல் பெயின்ட் நான்கைந்து நாள் கழிந்தும் விரலில் ஒட்டினால், பெயின்ட் போலியானது என்று கடைக்காரரைக் குறை சொல்வதே வழக்கம். ஆனால் பெரும்பாலும் தவறு டின்னுக்குள் இருப்பதில்லை; பெயின்ட் அடித்த முறையிலும் அடித்த நேரத்திலும்தான் இருக்கிறது.

எனாமல் பெயின்ட் இரண்டு கட்டமாக உலர்கிறது. முதலில் அதை இளக்கச் சேர்த்திருக்கும் டர்பன்டைன் ஆவியாகிறது. பிறகு, மிஞ்சி நிற்கும் எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்வரை கெட்டிப்பட, நல்ல வெயில் நாளில்கூட 16 முதல் 24 மணி நேரம் வேண்டும். இதை மறந்துவிட்டு, ஒரே கோட்டில் வேலையை முடிக்க எண்ணிப் பெயின்டைத் தடிமனாகப் பூசுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மேற்பரப்பு முதலில் இறுகி, சூடான பாலின்மேல் ஆடை படிவதுபோல மூடிக்கொள்ள, அடியில் இருக்கும் பெயின்டுக்குக் காற்று போய்ச்சேராமல் அது வாரக்கணக்கில் மெத்தென்றே கிடக்கும். கம்பிகள் சேரும் மூலைகளிலும் பூ வேலைப்பாடு உள்ள இடங்களிலும் பெயின்ட் வழிந்து தேங்குவதால், கேட்டின் மற்றப் பகுதிகள் காய்ந்த பிறகும் அங்கே மட்டும் சுருக்கம் விழுந்து பிசுபிசுக்கும்.

ஒட்டுகிற பரப்பின்மேல் இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புவது இதைவிடக் கேடான தவறு. கீழே இருப்பதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சக் காற்றையும் அது அடைத்துவிடுகிறது. பெயின்டுக்கு முன் இரும்பில் அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமருக்கும் இதே விதிதான்: காலையில் பிரைமர், மாலையில் பெயின்ட் என்று ஒரே நாளில் முடிக்கக் கூடாது; ஓர் இரவாவது விட வேண்டும்.

அடுத்தது மண்ணெண்ணெய். டர்பன்டைனுக்குப் பதிலாக அதைக் கலந்தால் செலவு குறையும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மண்ணெண்ணெய் மிக மெதுவாகவே ஆவியாகும். டீசல் அதைவிட மோசம். இரண்டும் எண்ணெய்ப் பசையைப் படலத்துக்குள்ளேயே விட்டுவிடுவதால், பளபளப்பு மங்குவதோடு பிசுபிசுப்பும் நீங்குவதில்லை. லாக்கர் வகைப் பெயின்டை இளக்கும் என்.சி. தின்னரையும் எனாமலில் ஊற்றக் கூடாது. அது காயாத கீழ்க்கோட்டைக் கிளப்பிச் சுருங்க வைத்துவிடும். டின்னில் குறித்திருக்கும் தின்னரை, அதில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் கலப்பது போதும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த டின்னையும் நம்ப வேண்டாம். உலர்த்துவதற்காகச் சேர்த்த பொருள்களின் வீரியம் நாளடைவில் குறைந்துபோகும்.

இரும்பின் பரப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. துருப் பிடிக்காமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயிலைக் கிரில்லில் தடவியிருந்தாலோ, கீல்களுக்கு வைத்த கிரீஸ் பரவியிருந்தாலோ, புதிய பைப்பில் ஆலையிலிருந்து வந்த எண்ணெய்ப் படலம் இருந்தாலோ, அந்த இடத்தில் எந்தப் பெயின்டும் சரியாகக் காயாது. டர்பன்டைன் நனைத்த துணியால், துணியை அடிக்கடி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே அழுக்குத் துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் கம்பியில் உப்பு படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு காயவிட்ட பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயின்ட் அடிக்காமல் இருப்பதே நல்லது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் மர நிழலில் நிற்கும் கேட், விடிந்து வெகுநேரம் ஆன பின்னும் குளிர்ந்தே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படிந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்தால், பனி இறங்கும் முன் மேற்பரப்பு இறுகிவிடும். ஆரல்வாய்மொழியில் ஈரத்தைவிடக் காற்றில் பறக்கும் தூசிதான் தொல்லை.

படகுகளுக்கும் கடலோரக் கம்பிகளுக்கும் அடிக்கும், இரண்டு டின்னாக வந்து கலந்து பூசும் எபாக்சி பெயின்ட் வேறு வகை. அது இரண்டாவது டின்னில் உள்ள ஹார்டனரோடு (இறுக வைக்கும் பொருள்) சேர்ந்தால்தான் இறுகும். விகிதத்தைக் கண்ணளவில் கலந்தது ஒட்டிக்கொண்டிருந்தால் காத்திருந்து பயனில்லை, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

எனாமல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால், கட்டைவிரலை அழுத்தி லேசாகத் திருப்பிப் பாருங்கள். மேல்தோல் நகர்ந்தால் உள்ளே காயவில்லை என்று பொருள். மழை விட்ட நாளாக, காற்றோட்டத்தில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மின்விசிறி உதவும், நெருப்பைக் காட்டாதீர்கள். அதன் பிறகும் நகர்ந்தால் சுரண்டி, டர்பன்டைனால் துடைத்து, இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டு, மெல்லிய இரண்டு கோட்டாக மீண்டும் அடிக்க வேண்டும். வீட்டுப் பெயின்டில் நச்சான ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அடக்கும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். எனவே கீழே பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.