மிர்த் கனெக்டில் ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி ஃபைல் பெயர் வைப்பது எப்படி?

கீழக்கரைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் மிர்த் கனெக்ட் ஓடுகிறது. மருத்துவ மென்பொருள்களுக்கு இடையே மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் மென்பொருள் அது. ரிசல்ட் மெசேஜ் ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டரில் ஃபைலாக விழும்; டாக்டர் கிளினிக்கில் இருக்கும் மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். ஃபைலுக்கு நோயாளியின் பெயரையே வைத்திருந்தார்கள். ஏர்வாடி தர்கா இருக்கும் இந்தக் கரையில் இப்ராகிம் என்ற பெயர் எத்தனை வீட்டில் இருக்கிறது! ஒரே காலையில் இரண்டு இப்ராகிம் வந்தார்கள். இரண்டாமவர் ரிசல்ட் முதலாமவர் ஃபைலின் மேல் எழுதப்பட்டுவிட்டது. முதலாமவருக்கு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நோயாளியின் பெயர் ஃபைல் பெயரில் வேண்டாம். ஃபோல்டரைத் திறக்கிற யாருக்கும் யாருக்கு என்ன பரிசோதனை என்று தெரிந்துபோகும், அதுவும் தவறு.

சரி, வேறு எதை வைப்பது? லேபிலிருந்து வருவது எச்எல்7 என்ற மருத்துவத் தகவல் வடிவிலான மெசேஜ். அதன் முதல் வரியான எம்எஸ்எச் வரியிலேயே வேண்டியது எல்லாம் இருக்கிறது. 4ஆவது புலம் (ஃபீல்ட்) அனுப்பும் இடம், 7ஆவது மெசேஜ் உருவான தேதியும் நேரமும், 10ஆவது மெசேஜின் அடையாள எண். அடையாள எண் மட்டும் போதாது. ராமநாதபுரம் லேபும் மண்டபம் லேபும் ஆளுக்கொரு 417 அனுப்பலாம். மூன்றையும் சேர்த்தால்தான் பெயர் மோதாது.

இனி வேலைக்கு வருவோம். சேனலை, அதாவது மெசேஜ் வந்து போகும் பாதையின் அமைப்பை, மிர்த்தில் திறந்து சோர்ஸ் டேபுக்குப் போய், இடப்பக்கம் எடிட் டிரான்ஸ்ஃபார்மரை அழுத்துங்கள். வலப்பக்கம் மெசேஜ் டெம்ப்ளேட்ஸ் என்ற டேபில், இன்பவுண்ட் பெட்டியில் ஒரு மாதிரி மெசேஜை ஒட்டுங்கள். உண்மையான நோயாளியின் மெசேஜை ஒட்டாதீர்கள், பெயரை மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பக்கத்தில் உள்ள மெசேஜ் ட்ரீஸ் டேபில் அது கிளை கிளையாக விரியும்.

அங்கே எம்எஸ்எச் 4இன் மதிப்பைக் கண்டுபிடித்து, ரைட் கிளிக் செய்து மேப் டு வேரியபிள் கொடுங்கள். அந்த மதிப்பை ஒரு வேரியபிளில் எடுத்து வைக்கும் மேப்பர் என்ற படி தானாக உருவாகும். அந்த வேரியபிளுக்கு இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயர் ஒன்று வையுங்கள். 7க்கும் 10க்கும் இதையே செய்யுங்கள். நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

மேப்பரில் இரண்டு வசதிகளை விட்டுவிடாதீர்கள். டிஃபால்ட் வேல்யூ: புலம் காலியாக வந்தால் அதற்குப் பதிலாக என்ன வர வேண்டும் என்பது. இன்னொன்று ஸ்ட்ரிங் ரீப்ளேஸ்மெண்ட்: ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றுவது. நம் ஊர் லேப்களில் எண்ணை 25/0417 என்று சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். ஃபைல் பெயரில் சாய்கோடு வந்தால் கணினி அதை ஃபோல்டர் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றும்படி அங்கே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், மெசேஜ் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டெஸ்டினேஷன்ஸ் டேப். ஃபைல் ரைட்டரைத் தேர்ந்து, டைரக்டரியில் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து, டெஸ்ட் ரைட் அழுத்திப் பாருங்கள். வலப்பக்கப் பட்டியலில் நீங்கள் உருவாக்கிய மூன்று பெயர்களும் இருக்கும். ஒவ்வொன்றாக ஃபைல் நேம் பெட்டிக்குள் இழுத்துவிட்டு, நடுவில் சிறுகோடு போடுங்கள். டாலர் குறியும் சுருள் அடைப்புமாக அவை உட்காரும். கடைசியில் புள்ளி வைத்து ஃபைலின் வகையைச் சேருங்கள். டெம்ப்ளேட் பெட்டிக்குள் என்கோடட் டேட்டாவை இழுத்துவிடுங்கள்.

அதே பட்டியலில் டேட், டைம்ஸ்டாம்ப் போன்றவையும் இருக்கும், கை தானாக அங்கே போகும். நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அவை ஃபைல் எழுதப்படும் நேரத்தைத் தருபவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பன் பக்கம் இணைப்பு விட்டுவிட்டு வரும்போது ஒரே ரிசல்ட்டை லேபிலிருந்து இரண்டு மூன்று தடவை அனுப்ப நேரும். எழுதும் நேரத்தைப் பெயராக வைத்தால் ஒரு ரிசல்ட் மூன்று ஃபைலாகிவிடும். எம்எஸ்எச் 7 மெசேஜோடு வருவது. அதே மெசேஜை எத்தனை தடவை அனுப்பினாலும் மாறாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே இருப்பதால் ஒரு லேபின் ஃபைல்கள் தேதிப்படி தாமாகவே வரிசையில் நிற்கும்.

ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் என்ற இடத்தில் ஓவர்ரைட் வையுங்கள், அதாவது பழைய ஃபைலின் மேலேயே எழுதட்டும். பெயர் இனி மோதாது என்பதால் வேறொருவர் ரிசல்ட் அழியாது. அப்பெண்ட் இருந்தால் அதே ரிசல்ட் ஒரே ஃபைலுக்குள் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். கிரியேட் டெம்ப் ஃபைலுக்கு யெஸ் கொடுங்கள். முழுதாக எழுதி முடித்த பிறகே சரியான பெயர் வரும். பாதி ஃபைலைக் கிளினிக் எடுத்துவிடாது.

சேமித்து, டிப்ளாய் செய்து (சேனலை ஓடவிட்டு), டாஷ்போர்டிலிருந்து மாதிரி மெசேஜை அனுப்புங்கள். ஃபைலின் பெயரில் டாலர் குறி அப்படியே நின்றால், அந்த வேரியபிள் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் பிழைதான். மெசேஜைத் திறந்து மேப்பிங்ஸ் டேபில் சரிபாருங்கள். அதே மெசேஜை மறுபடி அனுப்புங்கள்: ஃபோல்டரில் ஒரு ஃபைல்தான் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரைத் தொடாமல் அடையாள எண்ணை மட்டும் மாற்றி அனுப்புங்கள்: இரண்டாவது ஃபைல் வந்துவிட்டால் சேனல் தயார்.