ஊர்க் குழாய்த் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களில் தாமிரபரணி உறைகிணற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நீரும், ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்று நீரும் தெருக்குழாய்களுக்கு வருகின்றன. ஆகவே எண்களைப் பார்ப்பதற்கு முன், அந்த அறிக்கை எந்த நீரைப் பற்றியது என்று அறிந்தாக வேண்டும்.

முதற்படி: அறிக்கையைப் பெறுதல். ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் நீர்த்தர இணையதளத்திலும் தேடலாம். அத்திட்டத்தின் வழிகாட்டுதல்படி வேதிப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறையும், கிருமிப் பரிசோதனை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னுமாக இருமுறையும் நடைபெற வேண்டும்.

இரண்டாம் படி: இடமும் நாளும். மாதிரி கிணற்றில் எடுக்கப்பட்டதா, மேல்நிலைத் தொட்டியிலா, கடைக்கோடிக் குழாயிலா என்று பாருங்கள். தொட்டியில் தூய்மையாக இருந்த நீர், சாக்கடையோரம் உடைந்து கிடக்கும் குழாயைக் கடந்து வரும்போது கெட்டுவிடக்கூடும் என்பதால், கடைக்கோடி மாதிரி இல்லாத அறிக்கையைப் பாதி அறிக்கையாகவே நான் கருதுகிறேன். கோடையில் எடுத்த மாதிரி ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் கலங்கல் நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: கிருமியும் குளோரினும். இதுவே உடனடி ஆபத்தைக் காட்டும் பகுதி. 100 மில்லி நீரில் ஈ.கோலி (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) அறவே இருக்கக் கூடாது. எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொல்லப் போட்டதில் நீரில் மிஞ்சியிருக்கும் குளோரின், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால், பிளீச்சிங் பவுடர் போடப்படவில்லை, அல்லது போட்டது வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். பலர் கையில் வைத்திருக்கும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் குறைந்த எண் வந்துவிட்டது என்பதற்காகக் குழந்தைக்கு அந்த நீரை அப்படியே கொடுப்பது ஆபத்தானது.

நான்காம் படி: இரண்டு வரம்புகள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 பல பொருள்களுக்கு இரண்டு வரம்புகளைத் தருகிறது: ஒன்று ஏற்கத்தக்கது, மற்றொன்று வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் அனுமதிக்கத்தக்கது. கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு இவை 500, 2000, கடினத்தன்மைக்கு 200, 600, குளோரைடுக்கு 250, 1000, ஃபுளோரைடுக்கு 1.0, 1.5 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உவர் நீருக்குக் கரைந்த உப்புகளின் அளவு 1800 என்று வந்து, எதிரே ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருந்தால், அது எந்த வரம்பு என்று கேளுங்கள். ஆற்று நீர் வரும் ஊருக்கு இரண்டாவது வரம்பைக் காட்டிச் சமாதானம் சொல்வது முறையாகாது. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே வரம்புதான். உரமும் கழிவுநீரும் கலந்த கிணறுகளில் அது கூடும், கைக்குழந்தைகளைப் பாதிக்கும், கொதிக்க வைத்தாலும் நீங்காது.

ஐந்தாம் படி: ஒப்பிடுதல். ஒரே இடத்து மாதிரியின் சில ஆண்டு எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தாலும் ஆண்டுதோறும் ஏறும் எண் கவனிக்கத்தக்கது.

ஆறாம் படி: கேட்டல். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில், அடுத்த மாதிரி எந்தத் தெருவின் கடைசிக் குழாயில் எந்த மாதம் எடுக்கப்படும் என்று கேட்டு, அதனைத் தீர்மானத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.