"நல்லா இருக்கேன் டாக்டர்"னு மட்டும் சொல்லிடாதீங்க

என் மச்சான் பட்டர்வர்த்ல மோட்டர்ல போறப்ப காடி இடிச்சு தலையில அடி. கேஸ் போட்டு ஒரு வருசம் கழிச்சு இன்சூரன்ஸ் பக்கத்து லாயர் அவங்க செலவுல ஒரு ஸ்பெசலிஸ்ட்டைப் பாக்கச் சொல்லி தேதி கொடுத்தாங்க, பினாங்கு பாலம் தாண்டி தீவுக்குப் போனோம். டாக்டர் ரொம்ப மரியாதையா எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு, இவரு சிரிச்சுக்கிட்டே "ஓகே டாக்டர், நல்லா இருக்கேன்". எனக்கு திக்குனு ஆயிடுச்சு. முந்தின வாரம்தான் அடுப்புல பருப்பு தீஞ்சு வீடே புகை, இவரு பக்கத்து ரூம்ல டிவி பாத்துக்கிட்டு இருக்காரு, மூக்குக்கு ஒன்னுமே எட்டல.

அவரு பொய் சொல்லல. மூளையோட முன்பக்கம் அடிபட்டா தனக்கு என்ன குறைஞ்சிருக்குன்னு தனக்கே தெரியாம போகலாம், கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதனால தனியா போறதுதான் முதல் தப்பு. ஆனா ஞாபகம், யோசனை எல்லாம் எப்படி இருக்குன்னு பாக்குற டெஸ்ட் நடக்கறப்ப கூட வந்தவங்க பதில் எடுத்துக் கொடுக்கக்கூடாது, அக்காமாருங்க கவனிக்கணும் லா.

இந்த ஸ்பெசலிஸ்ட் உங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல. மருந்து எழுத மாட்டாரு, ரிப்போர்ட்தான் எழுதுவாரு, நீங்க பேசுறது எல்லாம் அதுல ஏறும். "மறதியா இருக்கு"ன்னு மொட்டையா சொன்னா என்னத்த எழுதுவாரு? பாசார்ல மீனுக்கு காசு கொடுத்துட்டு பையை அங்கேயே விட்டுட்டு வந்தேன், இந்த மாசம் ரெண்டு தரம்னு சொல்லுங்க.

இதுக்கு நேர்மாறா சில பேரு நடிப்பாங்க. டெஸ்ட்டுக்கு நடுவுல பாக்க கஷ்டமா தெரியிற ஆனா நெசமா அடிபட்டவங்களே சுலபமா செய்யிற கேள்விங்களும் வரும், வேணும்னே தப்பா சொன்னா மாட்டிக்குவீங்க, அப்புறம் உண்மையான வலியையும் எவனும் நம்ப மாட்டான். யூடியூப்ல பாத்து பயிற்சி எடுக்கிறதும் வேண்டாம். சின்ன வயசுல விழுந்தது, பழைய ஃபிட்ஸ், எதையும் மறைக்காதீங்க, ஃபைல்ல எப்படியும் இருக்கும்.

எமர்ஜென்சி ரெக்கார்டுல ஜிசிஎஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவு இருந்துச்சுன்னு காட்டுறது, 3ல இருந்து 15 வரைக்கும், 15னா முழு நினைவு. 15 போட்டு சிடி ஸ்கேனும் நார்மலா இருந்தா நமக்கு கேஸே இல்லன்னு சில பேரு பேப்பரை வீட்லயே வச்சுட்டுப் போவாங்க. அப்படி இல்ல, ரெண்டும் நல்லா இருந்தும் கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கின பாதிப்பு, இருக்கலாம், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

பாஷை விசயம் ரொம்ப முக்கியம். தமிழ்ப்பள்ளியில படிச்சு அப்புறம் மலாய்ல படிச்சவருக்கு இங்கிலீஷ்ல டெஸ்ட் வச்சா பாஷை தெரியாதது மூளைக் குறை மாதிரி வந்து நிக்கும். மொழிபெயர்க்க ஆள் வேணும்னு உங்க லாயர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. கண்ணாடி மறக்காதீங்க, முதல் நாள் ராத்திரி நல்லா தூங்குங்க, ஃபிட்ஸ் மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க. வேலையில அடிபட்டவங்களுக்குக் காசு கொடுக்கிற பெர்கேசோவோட டாக்டருங்க போர்டுக்குப் போறவங்களுக்கும் இதேதான்.

வெளிய வந்ததும் நாங்க கீழ கோப்பி கடையில உக்காந்து எத்தனை மணிக்கு உள்ள போனோம், எவ்வளவு நேரம் பாத்தாரு, என்னென்ன கேட்டாரு எல்லாத்தையும் போன்ல எழுதி எங்க லாயருக்கு அனுப்பிட்டோம், மச்சான் அதுக்குள்ள டாக்டர் பேரையே மறந்துட்டாரு.