சி ஃபங்ஷனில் இரண்டு விடை: சறுக்கும் இடங்கள்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,250 கிலோ என்று கொடுத்தால் 12 குவிண்டால், மீதி 50 கிலோ என இரண்டு எண் தரவேண்டும். கோவைப் பக்கத்து லேப்களில் இதை சி மொழியில் ஒரே ஃபங்ஷனாக எழுதச் சொன்னால் வருஷா வருஷம் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். செமிகோலன் விட்டுப்போவதையெல்லாம் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும்.

கமா போட்டு ரிட்டர்ன்

ரிட்டர்ன் 12, 50 என்று எழுதினால் எர்ரர் வராது. கடைசியில் இருக்கும் 50 மட்டும் போகும், 12 காணாமல் போகும்.

லோக்கல் அர்ரேயை ரிட்டர்ன் செய்வது

எரிச்சலூட்டுவது இதுதான். ஃபங்ஷனுக்குள் இரண்டு கட்ட அர்ரே (எண்களை வரிசையாக வைக்கும் இடம்), அதில் 12, 50, கடைசியில் அர்ரே பெயரை ரிட்டர்ன். போவது எண்கள் அல்ல, முகவரி. ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டேக்கில் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகத்தில்) அந்த இடம் அர்ரேக்குச் சொந்தமில்லை. ஜிசிசி கம்பைலர் வார்னிங் கொடுக்கும். "வார்னிங்தானுங்க, எர்ரர் இல்லீங்களே" என்பார்கள். அதன் வாயை அடைக்க, முகவரியை ஒரு பாயிண்டரில் (முகவரியை வைக்கும் மாறியில்) போட்டு அதை ரிட்டர்ன் செய்வார்கள். அங்கேதான் வினை.

அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப் ஒன்றிலேயே இரண்டையும் அச்சிட்டால் பெரும்பாலும் 12, 50 என்றே வரும். பிரின்ட்எஃப் ஓடத் தொடங்கும் முன்பே இரண்டு எண்ணையும் படித்தாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பிரின்ட்எஃப்பாகப் பிரியுங்கள்: முதலாவது ஸ்டேக்கில் அந்த இடத்தை மிதித்துவிடும், இரண்டாவதில் குப்பை வரும். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை, அதாவது வேகமாக ஓடவைக்க அது செய்யும் மாற்றங்களை, கூட்டினால் அந்த முதல் 12-க்கும் உத்தரவாதமில்லை. தேர்வு அன்றைக்கு ஓடி, புராஜெக்டில் கவிழ்வது இப்படித்தான்.

சரிசெய்கிறேன் என்று அர்ரேக்கு முன்னால் ஸ்டாட்டிக் (ஃபங்ஷன் முடிந்தும் அழியாமல் வைக்கும் சொல்) போடுவது அடுத்த கூத்து. முதல் லாட் 1,250, இரண்டாம் லாட் 830 என்று அடுத்தடுத்து அழைத்துவிட்டுப் பிறகு அச்சிட்டால், இரண்டு லாட்டும் 8 குவிண்டால் 30 கிலோ. இருப்பது ஒரே அர்ரே. இரண்டு பாயிண்டரும் அதையே காட்டும்.

குவிண்டால், கிலோ என இரண்டு உறுப்பு வைத்து ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டும் வகை) செய்து அதையே ரிட்டர்ன் செய்யுங்கள். மதிப்புகள் நகலாகிப் போகும், முகவரித் தொல்லை இல்லை. சி-யோடு வரும் எஸ்டிடிலிப் ஹெடர் தரும் டிவ் ஃபங்ஷனும் ஈவையும் மீதியையும் ஸ்ட்ரக்டாகத்தான் தருகிறது.

வெறும் பாயிண்டரை அனுப்புவது

விடைகளை எழுதவேண்டிய இடத்தின் முகவரியை ஃபங்ஷனுக்கு அனுப்புவது இன்னொரு வழி. ஆனால் மெயினில் பாயிண்டரை மட்டும் அறிவித்து, எதையும் சுட்டாமலே அனுப்புகிறார்கள். சாதாரண இன்ட் மாறிகள் இரண்டை அறிவித்து & போட்டு அவற்றின் முகவரியை அனுப்புங்கள்.

மேலாக்

மேலாக் கேட்டு வாங்கும் நினைவக இடத்தை ஃப்ரீ செய்து திருப்பித் தருவது யார் என்று முடிவு செய்யாமல் தொடாதீர்கள்.

குளோபல் மாறி

எல்லா ஃபங்ஷனும் தொடக்கூடிய மாறியில் விடையைப் போட்டு வைப்பதா? வேண்டாமுங்க.