கொடைக்கானல் ஏரிச்சாலையில் பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகிறீர்களா?

முதல்முறை பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போக வேண்டியதில்லை, ஏரிச்சாலையே போதும். சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முழுச் சுற்றும் முடிக்க ஆசைப்படாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல நடைதான்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வசதி. மழை குறைந்திருக்கும், குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளிப் பறவைகளும் இருக்கும். வெளியூர்க்காரர்களிடம் இ-பாஸ் எடுத்தாச்சா என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள், 2024 மே முதல் அது கட்டாயம். விடிந்ததும் கிளம்புங்கள், எட்டு மணிக்கு மேல் குதிரை, சைக்கிள், ஹாரன் எல்லாம் வந்துவிடும்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நான் ஒருமுறை இருபத்திரண்டு பேரோடு போய், கடைசி ஆள் வந்து "எங்கே, எங்கே" என்று கேட்பதற்குள் ஒவ்வொரு பறவையும் பறந்துபோனதுதான் மிச்சம்.

முதல் பத்து நிமிடம் பைனாகுலரைக் கொடுக்காதீர்கள். சும்மா நின்று கேட்கட்டும். மெட்டு மறந்துபோன பையன் தோன்றியபடி விசிலடிக்கிற மாதிரி இருந்தால் அது சீகாரப் பூங்குருவி. புதருக்குள் ஒன்று ஆரம்பிக்க மற்றவையும் சேர்ந்துகொண்டு கத்தினால் பழனிச் சிரிப்பானாக இருக்கலாம், அங்கே நின்றுவிடுங்கள். ஊட்டியில் பார்ப்பது நீலகிரிச் சிரிப்பான், அதற்கு நெஞ்சு செம்பழுப்பு. நம்ம ஊர்ப் பறவைக்குச் சாம்பல். இரண்டும் குளிர்ந்த மலை உச்சிகளிலேயே வாழ்பவை, நடுவில் கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயின் வெக்கையைத் தாண்டிப் போய்வராததால் காலப்போக்கில் தனித்தனி இனங்களாகிவிட்டன. இதைப் பறவை கண்ணெதிரே இருக்கும்போதே சொல்லுங்கள், டீக்கடையில் சொன்னால் யாருக்கும் ஏறாது.

"அதோ அந்த மரம்" என்று கை நீட்டிப் பயனில்லை. மரத்தைக் கடிகாரமாக வைத்து "இரண்டு மணிப் பக்கம், தண்டை ஒட்டி" என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது, எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டுவிட்டு அலையும். யாராவது கெஞ்சுவார்கள், மறுத்துவிடுங்கள். காட்டுமாடு சாலையில் நின்றால் போட்டோவுக்குக் கிட்டே போக விடாமல், எல்லாரையும் வந்த வழியே திருப்புங்கள்.

சரி, கடைசியில் டீ குடித்துக்கொண்டே பட்டியல் எழுதும்போது வெள்ளைக்கண்ணிக் குருவி எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதில் குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள்.