எழுத்து, பேச்சு, இசை: மூன்றையும் ஒரே பட்டறையில் நடத்துவது எப்படி

கவிதை எழுதுவது, அதை எழுந்து நின்று பேசுவது, அதோடு இசை சேர்ப்பது. இந்த மூன்றையும் ஒரே நாளில் நடத்தப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது நேரத்தை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்றுதான். காலையில் எழுத்து, மதியம் பேச்சு, மாலையில் இசை என்று மூன்று பாடவேளையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். தயவுசெய்து அப்படிப் பிரிக்காதீர்கள். காலை முழுக்கக் காகிதத்திலேயே கிடந்த வரி மதியத்துக்குள் இறுகிவிடும். எழுதியவருக்கே அதை மாற்ற மனசு வராது. முதல் அரைமணி நேரத்துக்குள் எல்லோரும் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும், கையால் தாளம் தட்டியிருக்க வேண்டும். எழுத்து அதிலிருந்து வரட்டும்.

12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கடைசியில் ஆளுக்கு 3 நிமிடம் என்றால் நிகழ்த்துவதற்கே 36 நிமிடம். ஆள் மாறும் நேரம், கைதட்டல், மைக் சரிசெய்வது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்கு மேல் அடுத்தவர் வார்த்தையை முழு மனதோடு கேட்க யாராலும் முடியாது. 3 நிமிடம் என்பது ஸ்லாம் எனப்படும், மேடையில் நிகழ்த்தி மதிப்பெண் வாங்கும் கவிதைப் போட்டிகளில் வழக்கமான வரம்பு. 1986-இல் சிகாகோவின் கிரீன் மில் என்ற ஜாஸ் கிளப்பில் மார்க் ஸ்மித் தொடங்கிய வாராந்திர நிகழ்ச்சியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய வடிவம் அது. போட்டி வைக்கச் சொல்லவில்லை, மதிப்பெண்ணும் வேண்டாம். ஆனால் அந்த நேர வரம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை, கடிகாரமே வற்புறுத்தும்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேசை வேண்டாம், மடியில் வைத்து எழுத ஓர் அட்டை போதும். அறிமுகத்தில் யார் எத்தனை கவிதை எழுதியிருக்கிறார் என்ற பேச்சே வரக்கூடாது. பதிலாக ஒரு கேள்வி: இன்று கண் விழித்ததும் காதில் விழுந்த முதல் சத்தம் எது? ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அடுத்தவர் அந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் எல்லோருக்கும் குரல் திறந்திருக்கும், அதைவிட முக்கியமாகக் காது திறந்திருக்கும்.

அப்புறம் 7 நிமிடம் எழுத்து. அந்தச் சத்தத்திலிருந்து தொடங்கட்டும், பேனா நிற்கக்கூடாது, எழுதியதை அடித்துத் திருத்தக்கூடாது. எழுதத் தயங்குபவர் ஓரமாகப் போய் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளட்டும். அதுவும் எழுத்துதான்.

பட்டறையின் உயிரே இதற்கு அடுத்த பகுதியில்தான் இருக்கிறது, இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். பெரும்பாலானவர்கள் எழுதும்போது மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். ஒரு பெண், 'தனிமையின் கரங்களில் நான் சிறைப்பட்டேன்' என்று எழுதியிருந்தார். வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்தபோது அவர் குரலே அதில் இல்லை. "அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். "வீட்லதான். லைட்டைப் போடாம உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டு டிவியில யாரோ சிரிச்சாங்க." அவ்வளவுதான், கவிதை வந்துவிட்டது. அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். கரங்களும் சிறையும் தானாகவே உதிர்ந்துவிட்டன.

நீங்கள் நடத்தும்போதும் இந்த மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டது? கருத்துச் சொல்லாதீர்கள், உங்கள் வரியை அவர் வாயில் வைக்காதீர்கள். கேட்டு வாங்குங்கள். எல்லாமே பேச்சுத்தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் போடாதீர்கள். பேச்சுத்தமிழிலேயே போய்க்கொண்டிருக்கும் கவிதையில் ஓரிடத்தில் முழு எழுத்துத்தமிழில் ஒரு வரி வந்தால் அது அறையையே நிமிர வைக்கும். எங்கே வைப்பது என்பதை அவர் காது முடிவு செய்யட்டும்.

குழுவில் ஒருவர் வாசித்ததும் 'நல்லா இருந்தது' என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். மனதில் நின்ற ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். எந்த வரி நின்றது என்று தெரிந்தாலே எதை வெட்டுவது என்று எழுதியவருக்குப் புரிந்துவிடும்.

சரி, தாளம். எல்லோரும் தொடையில் தட்டட்டும், நிமிடத்துக்கு 80 தட்டு, தகதிமி என்று நான்கு நான்காக. போனில் சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோம் ஆப் வைத்துக்கொண்டால் வேகம் ஓடாது. அதன் மேல் 'லைட்டைப் போடாம உக்காந்திருந்தேன்' என்று சொல்லிப் பார்த்துவிட்டு, நான்காவது தட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். அந்தக் காலியில்தான் இருட்டு தெரியும். பிறகு அதே வரியைத் தகதிமியை விட்டுத் தகிட நடையில், மும்மூன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். வரி ஊஞ்சலாடத் தொடங்கும், கனம் குறைந்துவிடும். எந்த நடை எந்த உணர்வுக்கு என்று நீங்கள் பாடம் நடத்தவே வேண்டாம், இந்த இரண்டையும் மாறிமாறிச் செய்தாலே உடம்பு கற்றுக்கொள்ளும். எல்லா வார்த்தையும் தட்டின் மேலேயே விழ வேண்டும் என்று மட்டும் யாரையும் விரட்டாதீர்கள். கொஞ்சம் பின்தங்கி வரும் பேச்சுக்குத் தனி அழகு உண்டு.

இசைக்கலைஞர்கள் காலையிலிருந்தே வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்களும் எழுத வேண்டும். மாலையில் வந்து பின்னணி வாசிப்பவருக்கு எந்தச் சொல் எங்கே வலிக்கும் என்று தெரியாது. ஒரு தாளக் கருவி, ஒரு சுருதிப் பெட்டி அல்லது கிட்டார், இவ்வளவு போதும். 1968-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் தொடங்கிய தி லாஸ்ட் போயட்ஸ் என்ற கவிஞர் குழுவினர் காங்கா மேளத்தின் மேல் குரலை வைத்தே அவ்வளவு பெரிய அலையை எழுப்பினார்கள். கிட்டாரில் இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), தாழ்ந்த ஸ்வரங்கள், மெட்டு வேண்டாம். மெட்டு வாசித்தால் கேட்பவரின் காது அதன் பின்னால் போய்விடும், சொல் தவறிவிடும். வாசிப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வரி முடிந்ததும் வாசியுங்கள், வரியின் மேல் வாசிக்காதீர்கள். அந்தப் பெண்ணின் கவிதையில் 'யாரோ சிரிச்சாங்க' வந்ததும் கிட்டார் மொத்தமாக நின்றது. நிறுத்தியது கிட்டார்காரரின் முடிவு. காலையிலிருந்து கூடவே உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் அது தோன்றும்.

மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்கப் பழக்குங்கள். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் பக்கவாட்டுச் சத்தத்தையும் அது உள்ளே இழுக்கும், ஃபீட்பேக் ஊளையிடும். மிக நெருங்கினால் குரலில் அடிக்கனம் ஏறிச் சொல் மங்கும். 'ப' வரும் இடத்தில் காற்று மோதுகிறதா, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் சரியாகிவிடும். ஸ்பீக்கர்கள் எப்போதும் மைக்குக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்தபடி. ஒலி அளவை வைக்கும்போது குரலை முதலில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, ஒரு வார்த்தை அவருக்குத் தவறினாலும் இசையைத்தான் குறைக்க வேண்டும்.

கனமான கதைகள் வரும். பகிர விருப்பமில்லாதவர் 'பாஸ்' என்று சொல்லலாம், காரணம் கேட்கக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அழுபவரைச் சூழ்ந்துகொள்ள விடாதீர்கள், சற்று நேரம் கொடுத்து, தொடர்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். இங்கே சொன்னதை வெளியே சொல்வதற்கும், வீடியோ எடுப்பதற்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள். கூட்டமாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நிகழ்த்தும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்காதீர்கள். முதலில் பயப்படாத ஒருவர், இரண்டாவது மூன்றாவது இடங்களில் மிகவும் கூச்சப்படுபவர்கள். கடைசிவரை காத்திருக்க வைத்தால் அவர்கள் போய்விடுவார்கள். ஒலிப்பதிவு செய்திருந்தால் அவரவர் பகுதியை அன்றிரவே அவரவருக்கு அனுப்பிவிடுங்கள். தன் குரலைத் திரும்பக் கேட்டுவிட்டு மறுநாளே இரண்டு வரியை மாற்றி எழுதி அனுப்புபவர்கள் உண்டு. அந்த வரிகளைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த பட்டறையை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.